பீரோவுக்குள் ஆறு தாள்

நரசிம்மம் காரு என் பெயரைக் கூப்பிட்டபோது காலை மணி ஒன்பதே முக்கால் இருக்கும்.

"விஜயலட்சுமி மேடம். ஃபைல் நம்பர் முப்பத்தொண்ணு. கையெழுத்துப் போடுங்க."

அவசரத்தில் கையெழுத்து கோணலாகப் போனது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் நீல நிறப் பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே என் சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பி.எஸ்சி. மதிப்பெண் பட்டியல், பட்டம், எம்.சி.ஏ. மதிப்பெண் பட்டியல், பட்டம். ஆக மொத்தம் ஆறு தாள். இரண்டரை வருஷமாக பீரோவில் கிடப்பவை; போன இன்ஸ்பெக்ஷனுக்குப் பிறகு இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறேன்.

அன்று சனிக்கிழமை. கல்லூரிக்கு இன்ஸ்பெக்ஷன். திங்கட்கிழமை காலை பேகம்பேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர வேண்டும். அசல் சான்றிதழ்களோடு வராதவர்கள் அப்படியே திரும்பிப் போகலாம் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் சாயங்காலம் நான்கு மணிக்குள் இந்தக் கவரை நான் நரசிம்மம் காருவிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அது மறுபடி எப்போது திறக்கும் என்பது சேர்மனுக்கும் அந்த ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

எனக்கு இருந்தது ஆறு மணி நேரம். பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைவிடக் குஷிதான் அதிகம். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடிப்பதற்கு முன்பே பையை மாட்டிக்கொண்டு பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருப்போமே, அப்படி இருந்தது.

வெளி பெஞ்சில் ஒரு மணி நேரம்

என் சான்றிதழ் அந்த பீரோவுக்குள் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மதுரையில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு ஹப்சிகுடாவில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தேன். அத்தான் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். ஹைதராபாத்தில் பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். போனவுடன் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ரயிலேறியவள் நான். ஒருவரும் கூப்பிடவில்லை. நாலு மாதம் அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, உப்பல் தாண்டிப் புதிதாக முளைத்திருந்த பொறியியல் கல்லூரி ஒன்றில் லெக்சரர் வேலைக்குப் போனேன்.

சேர்மன் அதற்கு முன்பு விதை வியாபாரம் செய்தவர். நல்ல சிரித்த முகம். என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். தெலுங்கு வருமா, ஒரிஜினல்ஸ் கொண்டு வந்திருக்கிறீர்களா. முதல் கேள்விக்குக் கொஞ்சம் என்றேன். இரண்டாவதற்கு ஆமாம் என்றேன். சரிபார்க்க வேண்டும் என்று வாங்கி உள்ளே அனுப்பினார்.

சரிபார்த்துவிட்டுத் தருவார்கள்தானே? நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அலுவலக சூப்பரின்டெண்டென்ட் வெளியே வந்தார். அவர்தான் நரசிம்மம் காரு. ‘காரு’ என்பது தெலுங்கில் மரியாதைக்குச் சேர்த்துக்கொள்வது. சித்தூர்க்காரர், அதனால் தமிழ் சரளமாக வரும். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து.

"ஏம்மா, இன்னும் இங்கியே உக்காந்துனு இருக்கே?"

"சர்டிஃபிகேட் தருவாங்கன்னு சார்."

"அது இனிமே இங்கதாம்மா இருக்கும். நீ போயி கிளாஸ் எடு."

வேலையை விட்டு யாரும் ஓடிவிடாமல் இருக்க அதுதான் வழி. பிடித்து வைத்துக்கொள்ளச் சம்பளமோ மரியாதையோ தேவையில்லை, ஆறு தாள் போதும். எங்கள் கல்லூரி மட்டும் இல்லை, இன்னும் பல இடங்களில் இதே வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன செய்ய?

வீட்டில் சொன்னபோது அத்தான் பேப்பரை மடித்து வைத்தார். "அசலைக் குடுத்துட்டு வெறும் ஃபைல் அட்டையைத் தூக்கிட்டு வந்திருக்க. வெளங்கிரும்" என்றார். அக்கா மகள் நித்யாவுக்கு அப்போது எட்டு வயது. நாம் தமிழில் என்ன பேசினாலும் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். "பின்னிக்கி பிச்சி" என்றாள். சித்திக்குப் பைத்தியமாம். அக்கா அவளை அதட்டினாள், ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அதட்டினாள்.

ஒரு கீபோர்டு, நாலு பேர்

அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்தால் யாருக்கும் வாய் பிளந்துவிடும். வரிசையாக அறுபது மானிட்டர். அத்தனையும் ஒளிரும்.

மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். பதினைந்து சிபியுதான் இருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒயரைப் பிரித்து நாலு மானிட்டருக்குக் கொடுத்திருந்தார்கள். ஒருத்தர் தட்டினால் நாலு திரையிலும் அதே ஓடும். நாலு கீபோர்டு வைத்திருப்பார்கள், மூன்று சும்மா.

மாணவர்கள் இதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார்கள். நிஜ கீபோர்டு யாருக்கு வருகிறதோ அவன் அன்றைக்கு 'டிரைவர்'. மற்ற மூவரும் 'பேசஞ்சர்'. ரோல் நம்பர் வரிசைப்படி டிரைவர் மாறும். லேபுக்குள் நுழைந்தவுடன், "இன்னிக்கு யாரு டிரைவர்?" என்ற சத்தம்தான் முதலில் கேட்கும். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக வந்தது. மூன்றாம் மாதத்துக்கு மேல் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் ஆண்டு வகுப்புப் பிரதிநிதி ஸ்வப்னா. நல்கொண்டா பக்கத்திலிருந்து தினமும் வருகிற பெண். ஒல்லியாக இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டு வைத்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"நான் டிரைவரான நாள் மேடம். மூணு வருஷத்துல பத்தொன்பது."

ஒரு கம்ப்யூட்டர் பொறியாளர் மூன்று வருஷத்தில் பத்தொன்பது நாள் கீபோர்டைத் தொட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரே சேர்மன் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்கு டீ வரவழைத்தார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். இதுதான் அங்கே நடக்கும்.

ஒருமுறை மாணவர்கள் கல்லூரி பஸ்ஸுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சேர்மன் அதற்கும் சிரித்துக்கொண்டே வந்து, எல்லோருக்கும் கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் கொடுத்தார். இன்ஸ்பெக்ஷன் முடிந்ததும் புதுக் கம்ப்யூட்டர் வரும் என்றார். வேறு கல்லூரிக்குப் போகிறோம் என்று ஒருத்தன் எழுந்து சொன்னான். "தாராளமா போப்பா" என்றாராம். போக முடியாது. அவர்களுடைய பத்தாம் வகுப்பு, இன்டர்மீடியட் சான்றிதழும் அதே பீரோவில்தான்.

எங்கள் பாடும் அப்படித்தான். கணக்கு சார் கெமிஸ்ட்ரி லேபையும் சேர்த்துப் பார்த்தார். சம்பளம் வந்த மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. போன வருஷ இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு இரண்டு பேர் சான்றிதழோடு கேட்டைத் தாண்டி ஓடிவிட்டார்கள். அதிலிருந்து இன்ஸ்பெக்ஷன் நாளில் வாட்ச்மேன் ஸ்டாஃப் பைகளைச் சோதிக்க ஆரம்பித்தான்.

முரளி சொன்ன வழி

பேகம்பேட் வேலைக் கடிதம் வந்த அன்றைக்கு நான் ஸ்டாஃப் ரூமில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது என்பார்களே, அது நானேதான். முரளி வந்து எதிரே உட்கார்ந்தான். என்னோடு லேப் எடுக்கிறவன். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சைனிக்புரியில் வீடு. தமிழ்க் குடும்பம்தான். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே என்பதால் அவன் தமிழ் ஒரு தினுசாக இருக்கும். நடுவில் ஹைதராபாத் உருது புகுந்துவிடும்: ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’, ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’.

"கைக்கு டென்ஷன் மேடம்? இன்ஸ்பெக்ஷன் வருதில்ல, அன்னிக்கு கமிட்டி முன்னாடி எல்லாரும் ஒரிஜினல்ஸ் காட்டணும். வருஷத்துல ஒரு நாள் அந்த பீரோ காலி ஆகும்."

"சாயங்காலம் எண்ணி வாங்கிருவாருல்ல?"

"ஹவ், எண்ணுவார். ஆனா படிக்க மாட்டார். நாப்பது ஃபைல் இருக்கு, பிரிச்சுப் படிச்சா அவருக்கு பஸ் போயிடும். கவர் வாயைத் திறந்து கட்டைவிரலால ஓரத்தைத் தள்ளித் தள்ளி எண்ணுவார். அதே கனத்துல ஆறு பேப்பர் இருந்தா முடிஞ்சது."

"அந்தக் கனத்துல பேப்பருக்கு எங்க போக?"

அவன் மேஜைமேல் கிடந்த எங்கள் கல்லூரி விளம்பரப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டான். வழவழவென்று நல்ல கெட்டித் தாள். கல்லூரியிலேயே உருப்படியாகச் செலவு செய்து வாங்கிய பொருள் அது ஒன்றுதான். முதல் பக்கத்தில் சேர்மன் சிரிக்கிறார். கீழே, 'உங்கள் எதிர்காலம் எங்கள் கையில்'.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரொம்ப நேரம் சிரித்தேன்.

"முரளி, நீங்களும் வந்துருங்களேன். ரெண்டு பேருமே போயிரலாம்."

அவன் முகம் தொங்கிவிட்டது. "எங்க டாடி ஆர்மி மேடம். மழை வந்தாலும் யுத்தம் வந்தாலும் பையன் சர்டிஃபிகேட்டுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு எல்லாத்தையும் லேமினேட் பண்ணிட்டார். ஒவ்வொண்ணும் தட்டு மாதிரி விறைச்சுட்டு நிக்குது. எதை வெச்சு மாத்துறது? நக்கோ, நீங்க போங்க."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவனே அடுத்ததையும் சொன்னான். ஸ்டாஃப் பையைத்தான் சோதிப்பார்கள், மாணவர்களின் ரெக்கார்டு நோட்டை யாரும் திறக்க மாட்டார்கள். நம்பிக்கையான ஒரு ஸ்டூடண்ட் வேண்டும்.

எனக்கு ஸ்வப்னா ஞாபகம் வந்தது. கூடவே சங்கடமும் வந்தது. ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"மேடம், கமிட்டி வரும்போது லேபைப் பத்தி நீங்க உண்மையைச் சொல்லுங்க. நாங்க சொன்னா ஹால் டிக்கெட் தரமாட்டாங்க. அப்ரூவல் போயிட்டா எங்களை வேற காலேஜுக்கு மாத்துவாங்க மேடம். சீனியர்ஸ் சொன்னாங்க."

"நான் சொன்னா என் சர்டிஃபிகேட் வராதும்மா" என்றேன்.

"பர்லேது மேடம்" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளிடம்தான் இப்போது நான் போய் நிற்க வேண்டும்.

போய் நின்றேன். ஆசை வெட்கம் அறியாது.

அவள் முழுதாகக் கேட்டாள். நீங்கள் எனக்கு அதைச் செய்தால் நான் இதைச் செய்கிறேன் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஹப்சிகுடா பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவந்து தர்றேன் மேடம்" என்றாள்.

குட் மார்னிங்

கமிட்டியில் மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஒரு பேராசிரியை. வாசலில் ஸ்வப்னாவும் இன்னொரு பெண்ணும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பூங்கொத்து கொடுத்தார்கள். கல்லூரியில் அன்றைக்குத்தான் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்தது.

செமினார் ஹாலில் ஒவ்வொருவராகப் போய்ச் சான்றிதழைக் காட்டினோம். பேராசிரியை என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, "நல்ல மார்க்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சேர்மனும் தான் பெற்ற பிள்ளை என்பது போல் தலையாட்டினார்.

முடிந்ததும் நேரே லேபுக்குப் பின்னால் இருந்த உடைந்த நாற்காலி அறைக்குப் போனேன். கைப்பையில் ஆறு விளம்பரத் தாள் தயாராக இருந்தது. கவரிலிருந்து என் ஆறை உருவி, இந்த ஆறை வைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கதவருகே ஸ்வப்னா ரெக்கார்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தாள்களை உள்ளே வைத்தேன். நோட்டை மூடித் தலைப்பால் மறைத்துக்கொண்டு நடந்தாள். என் பதினெட்டு வருஷப் படிப்பு ஒரு புடவைத் தலைப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

அத்தோடு நான் பேசாமல் இருந்திருந்தால் கதை முடிந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கமிட்டி லேபுக்கு வந்தது. அறுபது திரையும் ஜொலித்தன. சேர்மன் கையை விரித்து, "அறுபது சிஸ்டம் மேடம். ஒரு ஸ்டூடண்டுக்கு ஒண்ணு" என்றார். பேராசிரியை தலையசைத்து எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதானே லேப் எடுக்கிறீங்க? எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சுவரோரம் மாணவிகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஸ்வப்னா அந்த ரெக்கார்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தாள்களுக்குப் பக்கத்திலேயே அந்தப் பத்தொன்பது பென்சில் கோடும் இருக்கிறது என்பது சட்டென்று ஞாபகம் வந்தது.

எனக்கு என்னமோ ஆகிவிட்டது. "மேடம், நீங்களே ஒரு சிஸ்டத்துல உக்காந்து ஏதாவது டைப் பண்ணிப் பாருங்களேன்" என்றேன்.

முரளி இருமினான். சேர்மனின் சிரிப்பு அப்படியே நின்றது. பேராசிரியை பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'குட் மார்னிங்' என்று ஆங்கிலத்தில் தட்டினார். அவர் திரையில் ஒன்றுமே வரவில்லை. சும்மா வைத்திருந்த கீபோர்டு அது. எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போனார். அங்கே தட்டினார். அவருக்கு இந்தப் பக்கம் இரண்டு திரை, அந்தப் பக்கம் ஒரு திரை, அவர் முன்னால் ஒன்று. நாலும் சேர்ந்து அவருக்குக் குட் மார்னிங் சொன்னது.

பிறகு பின்வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. மூன்று வருஷமாக அடக்கி வைத்த சிரிப்பு. பேராசிரியை புடவையைச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தார். சிபியுக்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஆனால் அந்த நிமிஷம் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை என்னால் மறக்கவே முடியாது.

நரசிம்மம் காருவின் கட்டைவிரல்

சந்தோஷம் பத்து நிமிஷம். கமிட்டி சாப்பாடுகூடச் சாப்பிடாமல் காரில் ஏறியது. சேர்மன் அங்கேயே நின்று உத்தரவு போட்டார். எல்லோருடைய ஃபைலும் இந்த நிமிஷமே பீரோவுக்குள் போக வேண்டும்.

அலுவலக மேஜைக்கு முன் வரிசையில் நின்றோம். நரசிம்மம் காரு ஒவ்வொரு கவராக வாங்கி, முரளி சொன்னது போலவே கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். என் முறை வந்தபோது சேர்மன் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இப்போது சிரிக்கவில்லை.

"இந்த மேடம் ஃபைலை நல்லாப் பாருங்க" என்றார் தெலுங்கில்.

நரசிம்மம் காரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கவர் வாயைத் திறந்தார். நான் அவசரத்தில் வைத்ததில் ஒரு தாள் கோணலாக நின்றிருந்தது. அதன் மூலையில் சேர்மனுடைய வெள்ளைச் சட்டையின் தோள்பட்டை எட்டிப் பார்த்தது. அசல் சேர்மன் பின்னால் நிற்கிறார், அச்சடித்த சேர்மன் கவருக்குள் இருந்து எழுந்து வருகிறார்.

நரசிம்மம் காருவின் கட்டைவிரல் அந்த மூலையை உள்ளே தள்ளியது. பிறகு எண்ணியது.

"ஆறு இருக்கு சார். கரெக்ட்."

கவரை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார். அவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை.

சேர்மன் என்னிடம், "மண்டே என்னை வந்து பாருங்க மேடம்" என்றார். சரி சார் என்றேன். கேட்டில் வாட்ச்மேன் என் பையைக் கவிழ்த்துப் பார்த்தான். டிபன் பாக்ஸும் சீப்பும்தான் விழுந்தன. கல்லூரி பஸ் என்னைத் தாண்டிப் போனபோது ஸ்வப்னா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரெக்கார்டு.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன். பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. அவள் வீட்டில் போன் கிடையாது. அத்தான் பனியனோடு வந்து எட்டிப் பார்த்தார். "முதல்ல பீரோவுக்குக் குடுத்த, இப்ப பிள்ளைக்குக் குடுத்திருக்க" என்றார். பன்னிரண்டரைக்கு ஒரு பஸ்ஸில் இருந்து இறங்கினாள். வழியில் பஸ் பிரேக்டவுனாம். பட்டுப்புடவைக்கு முந்தின நாள் போட்ட கொண்டை கலைந்திருந்தது, கையில் அரிசிப் பைக்குள் சுற்றிய ரெக்கார்டு. ஆறு தாளும் மடங்காமல் கசங்காமல் இருந்தன.

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பிட வைத்தோம். நித்யா வாய் ஓயாமல் அவளோடு தெலுங்கில் பேசினாள். அத்தான் தன் பங்குக்கு அப்பளம் பொரித்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் பேகம்பேட்டில் இருந்தேன்.

இரண்டு கட்டம்

அந்த வருஷம் கல்லூரிக்கு அனுமதி கிடைக்கவில்லை. மாணவர்களை நாலைந்து கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எல்லோரும் என்னை வாழ்த்தவில்லை. ஒரு பையனின் அப்பா போன் செய்து, நன்றாக இருந்த காலேஜை மூடிவிட்டாயே என்று திட்டினார்.

சில மாதம் கழித்து முரளி கூப்பிட்டான். "எல்லாரோட ஒரிஜினல்ஸும் திருப்பித் தர்றாங்க மேடம். நீங்க வந்து கையெழுத்துப் போடணுமாம். ரிஜிஸ்டர்ல உங்க ஃபைல் இன்னும் உள்ளே இருக்கு. நரசிம்மம் காரு கண்டிப்பா வரச் சொன்னார்."

பயந்துகொண்டேதான் போனேன். மைதானத்தில் மரத்தடியில் மேஜை போட்டு நரசிம்மம் காரு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பீரோ திறந்து கிடந்தது. சேர்மன் வரவில்லை. நீண்ட வரிசை. தாளை வாங்கிய பிள்ளைகள் அங்கேயே பிரித்துப் பார்த்துக் கத்தினார்கள், ஒருத்தரை ஒருத்தர் போட்டோ எடுத்தார்கள். முரளி தன் லேமினேட் தட்டுகளை வெயிலில் ஆட்டிக் காட்டினான். ஸ்வப்னா என்னைப் பார்த்து ஓடிவந்தாள். "மேடம், புது காலேஜுல எனக்கே எனக்குன்னு ஒரு கீபோர்டு. கோடு போடுறதை விட்டுட்டேன்" என்றாள்.

"விஜயலட்சுமி மேடம்."

போனேன். நரசிம்மம் காரு நீலக் கவரை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து, கட்டைவிரலால் எண்ணினார்.

"ஆறு. சரியா இருக்கா பாத்துக்குங்க."

பார்த்தேன். மேல் தாளில் சேர்மன் சிரித்துக்கொண்டிருந்தார். 'உங்கள் எதிர்காலம் எங்கள் கையில்'.

"சரியா இருக்கு சார்" என்றேன். "அன்னிக்கே பாத்துட்டீங்களா?"

"கண்ணாடியைத் துடைச்சுதானேம்மா பாத்தேன்" என்றார்.

வரிசை தீரும்வரை நானும் அங்கேயே நின்றேன். எல்லோரும் வாங்கிப் போன பிறகு பீரோவில் ஒரே ஒரு கவர் மிச்சம் இருந்தது. பழுத்துப்போன கவர். அது யாருடையது என்று கேட்டேன்.

"என்னுதுதான். நம்பர் ஒண்ணு. எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும். காலேஜ் ஆரம்பிச்ச அன்னிக்கு வெச்சது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், சாவி உங்க இடுப்புலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. அதுக்காக நானே எடுத்துக்க முடியுமா? பாருங்க, ரிஜிஸ்டர்ல ரெண்டு கட்டம் இருக்கு. கொடுத்தவர், பெற்றவர். எனக்குக் குடுக்க யாரும் இல்லையே."

யாருக்கும் தெரியாமல் என்னை வெளியே விட்ட மனுஷன், தன் விஷயத்தில் ஒரு கட்டத்துக்காக இத்தனை வருஷம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. மேஜையைச் சுற்றிப் போய் அவர் கையில் இருந்த பேனாவை வாங்கினேன். 'கொடுத்தவர்' கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். கவரை எடுத்து எண்ணினேன்.

"நரசிம்மம் சார். ஃபைல் நம்பர் ஒண்ணு. கையெழுத்துப் போடுங்க."

அவர் எழுந்து, மேஜைக்கு முன்பக்கம் வந்து, மற்றவர்கள் நின்ற இடத்தில் நின்றார். அவர் கையெழுத்தும் கோணலாகப் போனது. இரண்டு தாளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, கரெக்ட் மேடம் என்றார்.